வரையாட்டு மடியில் மிஞ்சிய பால்

ஆசிட்டின் மேல் பாலை ஊற்றினால் கண்ணாடிக் குழாய் கையிலேயே கொதிக்கும். துணி சுற்றிப் பிடித்தாலும் சூடு தெரியும். வெள்ளைப் பால் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் டிகாஷன் மாதிரிக் கறுத்துவிடும். ரப்பர் கார்க்கைச் சரியாக இறுக்காவிட்டால் அத்தனையும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பாலக்காட்டில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டின் பால் சொசைட்டியில் பால் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்கக் கனவில் வந்தது அந்தக் கார்க்குதான்.

ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. குழாயை இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றி எடுத்தால், கறுப்புக்கு மேலே பாலின் கொழுப்பு மட்டும் தனியாகப் பிரிந்து தேன் நிறத்தில் நிற்கும். குழாயில் கோடு போட்டிருக்கும். எந்தக் கோடு வரைக்கும் நிற்கிறதோ அதுதான் அந்தப் பாலின் 'ஃபேட்'. எங்கள் ஊரில் ஒருவர் மாட்டைப் பற்றி இன்னொருவர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபேட் எம்புட்டு?" என்பதுதான். நல்ல மாடு, கெட்ட மாடு எல்லாம் அந்தக் கோடுதான். எனக்கும் எந்தப் பாலைக் கண்டாலும் குழாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் குட்டி போட்டிருந்த நாயைக்கூட விடவில்லை. கடி வாங்கியதுதான் மிச்சம்.

அது தை மாதம். தேயிலைக்கு மேலே புல்மேட்டில் உறைபனி உப்புக் கொட்டியது போலக் கிடந்தது. பால் கேன்கள் ஜீப்பில் ஏறிப்போன பிறகு, சித்தப்பா கம்பளிக்குள் எதையோ அணைத்தபடி சோதனை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அப்பாவின் தம்பி அவர். வரையாடுகள் மேயும் மேல்மலையில் தற்காலிக வாட்சர் வேலை.

"உள்ள யாரும் இருக்காங்களா?"

"நானும் ஆசிட் பாட்டிலும்தான். என்ன சித்தப்பா, முயலா?"

அவர் சிரிக்கவில்லை. கம்பளியை விலக்கினார். குச்சிக் கால்களை மடக்கிக்கொண்டு ஒரு வரையாட்டுக் குட்டி. தொப்புள்கொடி காய்ந்த நூலாக இன்னும் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தாய் பாறையில வழுக்கி விழுந்து கெடக்கு தாயி. பனி. இது பக்கத்துல நின்னு மடிய முட்டிக்கிட்டே இருந்துச்சு. செத்துப்போச்சுன்னு இதுக்குத் தெரியல."

"ஃபாரஸ்ட் ரேஞ்சு ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னா கீழ மூணாறுக்குக் கொண்டுவரச் சொல்லுவாங்க. போன வருசம் ஒண்ணு இப்படித்தான் கெடைச்சுது. சாக்குல கட்டி, ஜீப்புல மடியில வச்சுக்கிட்டுப் போனேன். மூணு வளைவு தாண்டல. மடியிலயே விறைச்சுப் போச்சு." அவர் குரல் இறங்கியது. "சொல்லாம வச்சிருந்து இதுவும் செத்துச்சுன்னா என் வேலை போயிரும். ஜெயிலுங்கூட. இப்ப காட்டு மிருகத்துக்குன்னு புதுச் சட்டம். அதனால சாக விடக் கூடாது. புல்லு கடிக்கிற வரைக்கும் தாட்டிவிட்டாப் போதும், நானே மந்தையில விட்டுருவேன். நீ பால் படிச்சவதானே?"

பால் படிச்சவ! அந்தப் பட்டத்தைக் கேட்டு எனக்கு ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் பயம். இரண்டுக்கும் நடுவில் என் வாயில் வந்த கேள்வி, "தாயோட மடியில இன்னும் பால் இருக்கா சித்தப்பா?" என்பது.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

குட்டியை எங்கள் வீட்டு அடுப்படியில் கூடைக்குள் வைத்து மூடிவிட்டு, கடைசித் தேயிலைக் காட்டையும் தாண்டி ஏறினோம். தாய் ஆடு பாறைக்கடியில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. கண் திறந்தே இருந்தது. மேலே பாறை விளிம்பில் இரண்டு காக்கைகள், கத்தாமல் உட்கார்ந்திருந்தன. அவை கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சீக்கிரம்," என்றார் சித்தப்பா. கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "சிறுத்தை இந்நேரம் வாசம் பிடிச்சிருக்கும்."

மேல்தோல் சில்லிட்டிருந்தது. மடிக்குள் விரலை அழுத்தினால் ஆழத்தில் மட்டும் இன்னும் சூடு. மருந்து பாட்டிலைக் காம்புக்கடியில் பிடித்துப் பீய்ச்சினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கெட்டியாக, சத்தமே இல்லாமல் இறங்கியது. உயிர் போன உடம்பு பால் கொடுத்துக்கொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. சித்தப்பா கம்பை ஓங்கினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்னும் இரண்டு கல் உருண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் பீய்ச்சவில்லை. பாட்டிலைச் சேலைக்குள் செருகிக்கொண்டு கால் போன போக்கில் இறங்கினேன். ஒரு சின்னத் தம்ளர் அளவு தேறியது.

அதில் பதினொரு மில்லியை எடுத்து ஆசிட்டில் ஊற்றினேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. தாயின் பால் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தானே அதே மாதிரிப் பாலைக் குட்டிக்குக் கொடுக்க முடியும் என்று என் மூளை ஓடிக்கொண்டிருந்தது. பால் கறுப்பதைப் பார்த்ததும் சித்தப்பா எழுந்தேவிட்டார்.

"என்னட்டி பண்ணுற? அதைக் குட்டிக்குக் குடுக்காம ஆசிட்டுல ஊத்திட்டியா? அது தாய்ப்பாலு!"

"அளக்கணும் சித்தப்பா."

"அளந்து என்ன கிழிக்கப் போற?"

இயந்திரத்தைச் சுற்றிக் குழாயை எடுத்ததும் எனக்கு அவர் குரலே கேட்கவில்லை. எங்கள் சொசைட்டிக்கு வரும் எந்தப் பசும்பாலும் நிற்கும் கோட்டைத் தாண்டி எங்கோ மேலே நின்றது கொழுப்பு. அந்தக் குழாயைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. மரத்தாங்கியின் கடைசித் துளையில் அப்படியே நிறுத்தி வைத்தேன்.

மிஞ்சிய பாலைத் துணித்திரியில் நனைத்துக் குட்டிக்குக் கொடுத்தோம். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது.

அடுத்த லயத்தில் ஒரு அக்கா இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். எஸ்டேட் முழுக்க அவள் வாய்க்குப் பயப்படும். அவளுடைய கறுப்பு வெள்ளாடு போட்ட குட்டி அதற்கு முந்தின வாரம்தான் செத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் முதலில் சித்தப்பாவைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டின் பாலையே பீய்ச்சிக் குட்டியின் முதுகெல்லாம் தடவி, கொஞ்சம் உப்பும் தூவி ஆட்டின் முன்னால் விட்டாள். ஆடு முகர்ந்தது, முட்டியது. மறுபடி முகர்ந்து உப்பை நக்க ஆரம்பித்தது. நாங்கள் அதன் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள, குட்டி மண்டிபோட்டு மடியைப் பற்றியது.

"குடிச்சிட்டுது பாத்தியா? உன் காலேஜுல சொல்லித் தந்தாங்களாட்டி இத?" என்றாள் அக்கா.

நான் அன்று சாயங்காலமே ஆட்டுப் பாலையும் அளந்துவிட்டேன். வரையாட்டுப் பாலில் பாதிக்கும் கீழே நின்றது. அதைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. இத்தனை தண்ணிப் பாலைக் குடித்துக் காட்டுக் குட்டி எப்படிப் பிழைக்கும்? ராத்திரிக் குளிரை எப்படித் தாங்கும்? பால் சோதிக்கிறவளுக்கு இதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஃபேட்டை ஏற்ற வேண்டும்.

அந்த வாரம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தேங்காய்ப் புண்ணாக்கு லாரி வந்தது. டிரைவருக்குச் சொந்த ஊர் எலப்புள்ளி. மூட்டை இறக்கும்போது நான் கேட்டேன்.

"அண்ணே, இதைப் போட்டா ஃபேட் ஏறுமா?"

"ஏனுங்க இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க! எங்க ஊட்டு எருமைக்கு இதுதானுங்க. வெண்ணெய் எடுத்தா கல்லாட்டம் நிக்குமுங்க. கத்தி வெச்சாத்தான் வெட்டலாம்."

"ஆட்டுக்குப் போடலாமா?"

"ஆட்டுக்குங்களா? அது மனுசன் சட்டையவே திங்குமுங்க. புண்ணாக்கக் கண்டா உடுமா?"

புண்ணாக்கை வெந்நீரில் ஊறவைத்து ஆட்டுக்கு மூன்று வேளையும் வைத்தேன். ஆடு தொட்டியை நக்கித் துடைத்தது. தினமும் பால் எடுத்து அளந்தேன். கொழுப்பு மெல்ல மெல்லக் கோடு ஏறியது. ஒரு வாரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன். இயற்கையையே ஏமாற்றிவிட்டதாக அவரிடம் ஒரு பிரசங்கம் வேறு.

ஒன்பதாம் நாள் காலை அக்கா வாசலிலிருந்து கத்தினாள்.

"ஏட்டி! வந்து பாரு, உன் பிள்ளையை!"

கூடையில் குட்டி ஒருக்களித்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது, தட்டினால் சத்தம் வரும் போல. பின்னங்கால் முழுக்க வெள்ளையாக, பிசுக்காகக் கழிந்திருந்தது. காதைத் தொட்டேன். ஐஸ். இதே சில்லிப்பை இதற்கு முன் அதன் தாயின் தோலில் தொட்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பால்... ஃபேட் நல்லா ஏறியிருக்கே அக்கா..."

"அந்தக் குழாயைத் தூக்கிட்டு வந்து குட்டிகிட்ட காட்டு. எந்திரிச்சு ஓடட்டும்."

சத்தம் கேட்டுச் சித்தப்பாவும் வந்துவிட்டார். கூடைக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் குட்டியின் காதுகளைப் பொத்திக்கொண்டார், சூடேற்றுவது போல. அவர் மடியில் செத்த போன வருடத்துக் குட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் அது எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கைகளைப் பார்த்தே தெரிந்தது.

அக்கா கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஊட்ட ஆரம்பித்தாள். நான் சோதனை அறைக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் தெரியாது. பயந்தால் எனக்கு ஓடத் தெரிந்த இடம் அதுதான். மரத்தாங்கியில் இரண்டு குழாய்கள் இருந்தன. கடைசித் துளையில் தாயின் குழாய். அதற்குப் பக்கத்தில் நேற்றைய ஆட்டுப் பால். இரண்டும் இப்போது ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றன. ராத்திரிக் குளிரில் இரண்டிலும் கொழுப்பு உறைந்திருந்தது. கைக்கொன்றாக எடுத்து விரலை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் வலது கையிலிருந்த கொழுப்பு இளகிச் சரிந்தது. அது வரையாட்டினுடையது. இடது கையில் இருந்தது மெழுகுவர்த்தி மாதிரி அப்படியே நின்றது. கைமாற்றிப் பிடித்துப் பார்த்தேன். வரையாட்டினுடையது தண்ணீராகவே ஆகிவிட்டது. ஆட்டினுடையதின் ஓரம் மட்டும் லேசாக மினுங்கியது.

'கல்லாட்டம் நிக்குமுங்க.' எலப்புள்ளிக்காரர் அன்றே சொல்லியிருந்தார். நான்தான் அதைப் பாராட்டாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

எவ்வளவு கொழுப்பு என்று மட்டுமே இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். எந்தக் கொழுப்பு என்று கேட்கவே இல்லை. தேங்காயைத் தின்ற ஆட்டின் மடியில் தேங்காயின் கொழுப்பு இறங்குகிறது. வரையாடு என்ன தின்றது? அறையிலிருந்து ஓடிவந்து சித்தப்பாவிடம் அதைத்தான் கேட்டேன்.

"வேற என்னத்தத் திங்கும்? புல்லுதான்."

"இந்தப் பனியில புல்லெல்லாம் காஞ்சு கெடக்கே?"

"குட்டி போட்டதெல்லாம் ஃபயர் லைனுக்கு வந்துரும் தாயி. நாங்க மார்கழியில கோடு போட்டுப் புல்லை எரிப்போம்லா, காட்டுத்தீ தாண்டாம இருக்க. அந்தக் கரியில இப்ப பச்சையாத் துளிர் விட்டிருக்கும். தாயாடுக அங்கதான் நிக்கும்."

"அப்ப நம்ம ஆட்டையும் அங்க கொண்டுபோவோம்."

"உனக்குக் கிறுக்கா? வரையாடு நிக்குற மலைக்கு வெள்ளாட்டைக் கொண்டுபோனேன்னு தெரிஞ்சா என்னையப் புடிச்சு உள்ள போடுவாங்க. சீக்கு பரவும்."

"மலைக்கு வேண்டாம். எஸ்டேட் எல்லையில ஒரு கோடு எரிச்சாங்கல்லா? அது நம்ம பக்கம்தானே?"

"அங்கதான் போன வாரம் சிறுத்தை நாயத் தூக்குச்சு."

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சிறுத்தை வந்தா இவளைத் தள்ளிவிட்டுட்டு நாம ஓடிருவோம். இழுத்தா ஒரு வாய்க்குக் காணமாட்டா. கயித்தப் புடி."

மறுநாள் மத்தியானத்திலிருந்து நாங்கள் மூவரும் போனோம். புண்ணாக்கை நிறுத்திவிட்டோம். எஸ்டேட்டின் தலைமாட்டில், தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. அதில் எலிவால் நீளத்துக்குப் பச்சைத் துளிர். ஆடு தலையைக் கவிழ்த்தால் நிமிர்த்தவில்லை. குட்டி கம்பளிக்குள் என் மடியில். ஒரு பக்கம் சோலைக்காடு, உள்ளே பத்தடிக்கு மேல் கண் போகாது. இன்னொரு பக்கம் நெஞ்சளவு காய்ந்த புல். நடுவில் நாங்கள் கறுப்புத் தரையில், யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

பயத்தைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது வேறு. அங்கே உட்கார்ந்தால் காதுதான் முதலில் பயப்படும். புல் அசைந்தால் காற்றா என்று கேட்கும். காற்று நின்றால் ஏன் நின்றது என்று கேட்கும். இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும். ஆடு மறைந்துவிடும், அக்கா மறைந்துவிடுவாள். அவள் சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பாள், சிறுத்தைக்குக் கேட்கட்டும் என்று. ஒருநாள் பேச்சு நடுவில் நின்றது.

"அக்கா?"

பதில் இல்லை.

"அக்கா!"

"சும்மா இருட்டி. வெத்தல போடுறேன்."

முதல் மூன்று நாள் குட்டி பெரும்பாலும் கஞ்சித் தண்ணீரில்தான் கிடந்தது, பால் ஒரு வாய் இரண்டு வாய். ஒவ்வொரு காலையும் கூடையின் துணியை விலக்குமுன் என் கை நின்றுவிடும். விலக்கச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுவேன். நான்காம் நாள் வயிறு வற்றியிருந்தது. ஆறாம் நாள் கழிச்சல் இறுகிக் கறுத்தது. சித்தப்பா அதை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பொன் கிடைத்தது போல என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குட்டி மடியை முட்ட ஆரம்பித்தது, ஆடு துள்ளும் அளவுக்கு.

மாசி கடைசியில் ஒரு பிற்பகல். மூடுபனி அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே பாறைப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது, கூர்மையாக, ஒரே தடவை. வரையாடுகள் எதையோ கண்டுவிட்டால் எழுப்பும் சத்தம். சித்தப்பா எழுந்தார். அக்கா முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். அவை எதைக் கண்டன? எங்களையா, எங்களுக்குப் பின்னால் நிற்கும் எதையாவதா?

திரும்பிப் பார்க்கும் துணிவு எனக்கு வருவதற்குள் குட்டி என் மடியிலிருந்து குதித்தது. கரியைத் தாண்டி, காய்ந்த புல்லைத் தாண்டி, பள்ளத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் போய் நின்றது. அதற்கடியில் வெறும் மூடுபனி. தாய் வழுக்கி விழுந்த மாதிரியான பாறை.

"கூப்பிடாத," என்றார் சித்தப்பா, உதடு அசையாமல். "அசையாத."

நாங்கள் மூவரும் கல்லாக நின்றோம். மேலே இன்னொரு சீழ்க்கை. குட்டி காதை முன்னால் மடித்தது. ஒரு கால் எடுத்து வைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் எதுவும் வராததால் திறந்தேன். குட்டி தலையைக் கவிழ்த்திருந்தது. பாறை இடுக்கில் முளைத்த நாலு இதழ் புல்லை முகர்ந்து, ஒன்றைப் பல்லால் பிடித்து இழுத்தது. அறுந்து வந்தது. மென்றது. பிறகு எங்கள் ஆடு கத்தவும், ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி ஓடிவந்து ஆட்டின் மடியில் முட்டியது.

"கடிச்சிட்டுது," என்றார் சித்தப்பா. மறுபடி, "கடிச்சிட்டுதுட்டி," என்றார். கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரித்தரையில் உட்கார்ந்து, கரிக்கையாலேயே முகத்தைத் துடைத்தார்.

எங்களுக்குப் பின்னால் அன்று ஏதாவது நின்றதா என்று இன்றுவரை தெரியாது.

பங்குனி முழுக்கப் பாலும் புல்லுமாக இருந்தது. சித்திரையில் சித்தப்பா தனியாக அதை மேலே கொண்டுபோய் மந்தைக்கு அருகில் விட்டார். அடுத்த இரண்டு வாரம் தினமும் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, "நிக்குது," என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்.

புண்ணாக்கினால்தான் குட்டி சாகக் கிடந்தது, புல்லால்தான் பிழைத்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கொழுப்பின் வகையா, அளவா, இல்லை நான் ஒரு வாரத்துக்குள் அவசரமாக ஏற்றியதா? கெமிஸ்ட்ரி படித்தவள் இதையெல்லாம் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு குழாய் தேவை, துளிர் மேய்ந்த நாட்களின் ஆட்டுப் பால் நிரம்பிய குழாய். அதைக் கையில் பிடித்து, தாயினுடையது போல இளகுகிறதா என்று பார்த்திருந்தால் பாதியாவது தெரிந்திருக்கும். எனக்கு அதில் எவ்வளவு ஆசை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தினமும் பாட்டிலை எடுத்துக்கொண்டுதான் மலைக்குப் போனேன்.

ஆனால் பதினொரு மில்லி வேண்டும். ஒவ்வொரு நாளும் ஆட்டின் பக்கத்தில் குந்துவேன். குட்டி மறுபக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும். இந்தப் பதினொரு மில்லி குறைவதால்தான் நாளைக்குக் காது சில்லிட்டுப்போகும் என்று தோன்றும். பாட்டிலை மறுபடி சேலைக்குள் செருகிவிடுவேன். குட்டி போன பிறகு அளந்துகொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் ஆட்டுக்குப் பால் வற்றிவிட்டது.

மரத்தாங்கியில் அந்த இரண்டு குழாய்களும் இருக்கின்றன. பக்கத்துத் துளையைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.